மட் ஆட வரும் புதியவருக்கு: டெல்நெட்டா, பிரவுசரா, மட்லெட்டா?

1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மட் (MUD) விளையாட்டுகள், அதாவது பலர் சேர்ந்து கட்டளைகளைத் தட்டி ஆடும் கணினி விளையாட்டுகள், இன்றும் வெறும் எழுத்தில்தான் ஓடுகின்றன. ஆர்ட்வுல்ஃப், அக்கேயா, டிஸ்க்வேர்ல்டு என்று எதை ஆட வந்தாலும், புதியவரை முதல் நாளே விரட்டிவிடுவது பெரும்பாலும் திரையில் எழுத்து ஓடும் வேகம்தான். அதனால் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முன் கிளையன்ட்டை, அதாவது விளையாட்டின் சர்வரோடு இணைக்கும் மென்பொருளை, முடிவு செய்துவிடுங்கள். எங்கள் ஓட்டு, மட் ஆடுவதற்கென்றே உள்ள மட்லெட்டுக்கு.

வேறு கணினியோடு எழுத்து வழியே இணைக்கும் பழைய நிரலான டெல்நெட் வேண்டவே வேண்டாம். விண்டோஸில் அதைத் தேடிப்போய் இயக்க வேண்டும்; புதிய மேக்கில் கிடையாது. 'கில் ராட்' (எலியைக் கொல்) என்று தட்டிக்கொண்டிருக்கும்போதே சர்வர் அனுப்பும் வரிகள் நடுவில் வந்து விழும். எதுவரை தட்டினோம் என்பதே தெரியாது.

பிரவுசர் கிளையன்ட் அப்படி மோசமில்லை. அக்கேயாவுக்கு நெக்ஸஸ் என்ற பிரவுசர் கிளையன்ட் இருக்கிறது. எதையும் நிறுவாமல் உடனே நுழையலாம். பிறர் கணினியில் ஒரு மணி நேரம் ஆடிப்பார்க்க இதுவே போதும். ஆனால் இத்தகையவை பெரும்பாலும் ஒரே விளையாட்டுக்கானவை. வேறு மட்டுக்கு மாறினால் பழகிய சாவிகளை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

மட்லெட் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். திறந்ததும் வரும் பட்டியலிலேயே ஆர்ட்வுல்ஃப், அக்கேயா உண்டு. பட்டியலில் இல்லாத மட்டுக்குப் பெயர், முகவரி, போர்ட் எண் மூன்றையும் கொடுத்தால் போதும். இணையவில்லை என்றால் முதலில் போர்ட் எண்ணைச் சரிபாருங்கள்.

ஆனால் தேர்வைத் தீர்மானிப்பது பேஜ்அப் சாவி. அதை அழுத்தினால் திரை இரண்டாகப் பிரியும்: மேலே பழைய வரிகள், கீழே இப்போது நடப்பது. சண்டையில் உயிர் மளமளவென்று இறங்கும்போது, விஷம் ஏறிய அந்த ஒரு வரி எப்போதோ மேலே போயிருக்கும். மேலே அதைத் தேடிக்கொண்டே கீழே சண்டையையும் கவனிக்கலாம், 'ஃப்ளீ' (ஓடு) தட்டித் தப்பலாம். கன்ட்ரோல்-என்டர் பிரிவை மூடும். ஆபத்தில்லாத அறையில் 'ஹெல்ப்' நாலைந்து முறை தட்டச் சொல்லி, திரை நிறைந்ததும் இந்த இரண்டையும் விரல் பழகும்வரை செய்யவிடுங்கள். நகர்வதையும் சண்டையையும் அதற்குப் பிறகு சொல்லித்தரலாம்.

இன்னொன்று: அனுப்பிய கட்டளை, தட்டும் பெட்டியிலேயே தேர்வான நிலையில் நிற்கும், என்டர் தட்டினால் மறுபடியும் போகும். வடக்கே நாலு அறை நடக்க வசதி. ஆனால் வெறுமனே என்டர் தட்டும் பழக்கம் உள்ளவர் கடைசியாக அடித்ததையே மீண்டும் அடிக்கப் போவார். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அலையஸ் (நீளமான கட்டளைக்கு நாமே வைக்கும் சுருக்கம்) வைக்கும்போது எல்லாரும் தடுக்குவது ஓரிடத்தில். 'எஃப்' என்ற ஓரெழுத்தை 'ஃப்ளீ'க்கு வைத்தால், முன்னால் ^ குறியும் பின்னால் $ குறியும் கட்டாயம். இல்லாவிட்டால் அந்த எழுத்து எங்கே வந்தாலும் பொருந்தும். கத்தியை எடுக்க 'கெட் நைஃப்' தட்டியவர் ஓட்டம் பிடிப்பார்.

வரைபடம் எல்லா மட்டிலும் தானாக வராது. சர்வர் ஜிஎம்சிபி (சர்வர் கிளையன்ட்டுக்குத் தகவல் அனுப்பும் ஒரு முறை) வழியாக அறை விவரம் அனுப்பவேண்டும், அதற்கேற்ற ஸ்கிரிப்டும் (சிறு நிரலும்) வேண்டும். முதல் வாரம் காகிதத்தில் வரைந்தாலே போதும்.

திரைவாசிப்பான் (திரை எழுத்தைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) வைத்து ஆடுபவருக்கு மட்டும் எங்கள் பரிந்துரையை அப்படியே சொல்லாதீர்கள். மட்லெட்டில் அந்த வசதி இருந்தாலும், தினமும் அப்படி ஆடும் ஒருவரிடம் கேட்டுவிட்டு நிறுவுவதே நல்லது.