பேங்க் ஏல வீடு எடுப்பவர்களுக்கு: "கேஸ் முடிஞ்சிடுச்சு" என்று தரகர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

கடன் கட்டாததால் வங்கி எடுத்து ஏலம் விடும் வீட்டை நமக்கு முடித்துத் தருகிறேன் என்று வரும் தரகர்களைப் பற்றிய பதிவு இது. நாங்கள் முழுப் பணமும் கட்டிவிட்டோம், விற்பனைச் சான்றிதழும் கையில் இருக்கிறது, ஆனால் வீட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை. உள்ளே கடன்காரரின், அதாவது வங்கியில் கடன் வாங்கியவரின், தங்கை குடியிருக்கிறார், அது தன் அப்பா வீடு, தனக்கும் பங்கு இருக்கிறது என்கிறார். இப்படி ஒருவர் இருக்கிறார் என்பது தரகருக்கு முதலிலேயே தெரியும்.

அவர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பியவை ஏல அறிவிப்பு, வில்லங்கச் சான்று, அப்புறம் நீதிமன்ற வழக்கு விவரங்களைப் பார்க்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் எடுத்த ஒரு ஸ்கிரீன்ஷாட். அதில் "டிஸ்போஸ்ட்", அதாவது முடிந்தது, என்று இருந்தது. என் கணவர் அது என்ன கேஸ், யார் போட்டது என்று துருவித் துருவிக் கேட்டார். "சார், கடன்காரன் பேங்க் மேல போட்ட கேஸ்தான், தள்ளுபடி ஆயிடுச்சு, பேங்க்தான் ஜெயிச்சது, பணத்தைக் கட்டிட்டு சாவியை வாங்கிக்கங்க" என்றார். எழுத்தில் கேட்டதற்கும் அதையே வாய்ஸ் மெசேஜில் சொன்னார். (அதை அழிக்காமல் வைத்திருக்கிறோம்.)

உண்மையில் அந்த ஸ்கிரீன்ஷாட்டில் இருந்தது கடன்காரரின் வழக்கே இல்லை. அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 14ஆம் பிரிவின் கீழ், வீட்டைக் கைப்பற்ற உதவி கேட்டு வங்கியே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போட்ட மனு அது. உத்தரவு போட்டாயிற்று, மனு முடிந்தது, அவ்வளவுதான். கடன்காரர் போட்ட வழக்கு டிஆர்டியில், அதாவது கடன் வசூல் தீர்ப்பாயத்தில் உயிரோடு இருந்தது. தங்கை போட்ட பாகப்பிரிவினை வழக்கு சார்பு நீதிமன்றத்தில், ஒரு வாய்தாவுக்கு அவர் தரப்பில் யாரும் ஆஜராகாததால் தள்ளுபடியாகி, அதை மறுபடி கோப்பில் எடுக்கச் சொல்லிப் போட்ட மனு நிலுவையில் இருந்தது. இதற்கு முந்தைய ஏலத்தின்போது இதே தரகர் இன்னொருவரை இதே வீட்டுக்குக் கூட்டிவந்திருக்கிறார், அவர் வக்கீல் வைத்துப் பார்த்து விலகிப் போயிருக்கிறார். அந்த விவரம் தெரிந்துகொண்டேதான் எங்களிடம் வந்தார்.

இது வெளியே வந்தபோது ஏலத்தில் எங்கள் பெயர் வந்து 25 சதவீதம் கட்டியாகிவிட்டது. விதிப்படி அதை அன்றே, தவறினால் அடுத்த வேலை நாளுக்குள் கட்டவேண்டும். மீதி 75 சதவீதத்துக்கு 15 நாள், வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். கட்டவில்லை என்றால் கட்டிய பணம் பறிமுதல். அதை எப்படியாவது திரும்ப வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 25 சதவீதத்தையும் பறிமுதல் செய்தது சரிதான் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வங்கி அதிகாரியிடம் போய்க் கேட்டால், "உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில்" என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கிறோமே என்று அந்த வரியைக் காட்டினார். வேறு வழியில்லாமல் மீதியையும் கட்டினோம்.

இனி, நீதிமன்றப் பதிவுகளைப் பற்றி எங்கள் வக்கீல் அம்மா உட்கார்த்திவைத்துச் சொல்லிக் கொடுத்ததை எழுதுகிறேன், ஏனென்றால் இதில்தான் ஏமாற்றுகிறார்கள்.

முதலில், ஒரே தளத்தில் எல்லா வழக்கும் இருக்காது. இ-கோர்ட்ஸில் மாவட்ட, சார்பு, முன்சீப், மாஜிஸ்திரேட் நீதிமன்ற வழக்குகள் வரும். உயர் நீதிமன்றத்துக்குத் தனித் தேடல். டிஆர்டி முற்றிலும் வேறு தளம், தமிழ்நாட்டில் சென்னையில் மூன்று, கோவையிலும் மதுரையிலும் ஒவ்வொன்று. வங்கி எடுத்த வீட்டுக்கு டிஆர்டியில் தேடாமல் இ-கோர்ட்ஸ் பக்கத்தை மட்டும் காட்டினால் பாதிக்கு மேல் மறைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். வங்கி எடுத்த நடவடிக்கையை எதிர்த்து 45 நாளுக்குள் கடன்காரர் அங்கேதான் போகமுடியும், அந்த வழக்குக்கு எஸ்.ஏ. என்று எண் கொடுப்பார்கள். உயர் நீதிமன்றத்தில் எஸ்.ஏ. என்றால் இரண்டாம் மேல்முறையீடு, எனவே எண்ணை மட்டும் பார்த்துக் குழம்பாமல் எந்த மன்றம் என்று சேர்த்துப் பாருங்கள்.

ஓ.எஸ். என்பது மூல வழக்கு, ஐ.ஏ. என்பது அதற்குள் போடும் இடைக்கால மனு. ஐ.ஏ. முடிந்தால் ஓ.எஸ். முடிந்ததாகாது. தடை கேட்ட மனு தள்ளுபடியாகி வழக்கு வருடக்கணக்கில் ஓடுவது சாதாரணம். அதேபோல், ஆஜராகாததால் தள்ளுபடியான வழக்கை 30 நாளுக்குள் மனுப் போட்டு மீட்கலாம், நாள் கடந்தாலும் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். ஒருதலைப்பட்சத் தீர்ப்பையும் இப்படித்தான் ரத்து செய்யக் கேட்பார்கள். எனவே நிலவரப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை வரி போதாது, உத்தரவையே வாசிக்கவேண்டும். தளத்தில் இல்லையென்றால் வக்கீல் மூலம் நகல் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்குங்கள்.

பெயர் வைத்துத் தேடும்போது நிலுவை, முடிந்தவை இரண்டையும் தேடுங்கள். கடன்காரர் பெயரோடு நிற்காமல் அவர் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் பெயரிலும் தேடுங்கள். ஆங்கில எழுத்துக் கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும், இனிஷியல் முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும், சில இடத்தில் இருக்கவே இருக்காது. எங்கள் விஷயத்தில் தங்கையின் வழக்கு அவர் பெயரில் ஒரே ஒரு எழுத்து மாற்றித் தேடியபோதுதான் வந்தது.

வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை என்பது பதிவான ஆவணங்களைப் பற்றி மட்டும். நடக்கும் பங்கு வழக்கு பெரும்பாலும் அதில் தெரியாது. ஆனால் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, சொத்தின் மேல் வழக்கு நடக்கும்போது வாங்கியவர், அது தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் அதன் முடிவுக்குக் கட்டுப்பட்டவர். தங்கையின் வக்கீல் எங்களுக்கு எதிராகப் பிடித்திருப்பது இதைத்தான்.

ஏல அறிவிப்பில், வங்கியிடம் இருப்பது அடையாள சுவாதீனமா, நேரடி சுவாதீனமா (வீடே வங்கியின் கையில்) என்று கட்டாயம் பாருங்கள். அடையாள சுவாதீனம் என்றால் வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, வீடு இன்னும் உள்ளே இருப்பவர் கையில்தான். முன்பணம் கட்டுமுன், இந்தச் சொத்தின் மேல் எந்த மன்றத்திலாவது வழக்கோ தடையோ இருக்கிறதா, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஏலத்தை நடத்தும் வங்கி அதிகாரியான அதிகாரம் பெற்ற அலுவலருக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்த ஏலத்தை விட்டுவிடுவதே நல்லது, எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம், இது சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பினார்கள். இப்போது டிஆர்டியில் எங்களையும் ஒரு தரப்பாகச் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறோம், சார்பு நீதிமன்றத்திலும் அதேபோல் போடப் போகிறோம். அந்தத் தரகர் எங்கள் எண்ணைத் தடுத்துவிட்டு, வேறொரு ஏல வீட்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அவருக்கு வந்த வாட்ஸ்ஆப்பிலும் ஒரு ஸ்கிரீன்ஷாட்தான் இருந்தது, வழக்கு எண் இருக்கும் மேல்பகுதி வெட்டப்பட்டிருந்தது. உங்களுக்கும் அப்படி ஒன்று வந்தால் சிஎன்ஆர் எண்ணைக் கேளுங்கள், இ-கோர்ட்ஸில் ஒவ்வொரு வழக்குக்கும் இருக்கும் தனி எண் அது, எழுத்தும் எண்ணும் சேர்ந்து 16 இலக்கம், அதைப் போட்டால் எந்த நீதிமன்றம், எந்த வழக்கு, யார் யார் மேல் போட்டது என்று இ-கோர்ட்ஸில் நீங்களே பார்த்துவிடலாம்.