மேடையிலிருந்து திரைக்கு வந்த ரத்தக்கண்ணீர்

திருவாரூர் கே. தங்கராசு எழுதி, எம்.ஆர். ராதா ஊர் ஊராக நடத்திவந்த ரத்தக்கண்ணீர் நாடகத்தை, நேஷனல் பிக்சர்ஸ் தயாரிப்பில் கிருஷ்ணன்-பஞ்சு இருவரும் 1954-இல் திரைப்படமாக்கினர். வெளிநாட்டிலிருந்து திரும்பும் மோகனசுந்தரம் (ராதா), தாயையும் மனைவி சந்திராவையும் உதறிவிட்டு, தாசி காந்தாவிடம் சொத்தையெல்லாம் இழந்து, தொழுநோயாளியாகத் தெருவுக்கு வரும் கதை பலரும் அறிந்ததே.

ராதாவின் நாடகங்களுக்கு எழுதிவைத்த வசனம் மட்டுமே பலமாக இருந்ததில்லை. அன்றைய நாளிதழ்ச் செய்தியையும் அரங்கில் எழும் கூச்சலையும் அப்போதைக்கப்போதே வசனமாக்கி, சடங்கையும் சாதியையும் பணக்காரப் பகட்டையும் முன்வரிசையில் இருப்பவர் முகத்துக்கு நேரே கிண்டல் செய்வதில்தான் அவற்றின் காரம் இருந்தது. ஒருமுறை பதிவானால் மாறாத படச்சுருளுக்கு அந்தக் காரத்தைக் கடத்துவது எளிதன்று. இயக்குநர்கள் இங்கே புத்திசாலித்தனமாகவே நடந்துகொண்டிருக்கிறார்கள்: முக்கியமான இடங்களில் காமிரா வித்தை எதுவும் காட்டாமல், ராதாவின் குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. சி.எஸ். ஜெயராமன் பாடும் ‘குற்றம் புரிந்தவன்’ பாடலின் வரிகளுக்கு நடுவே ராதா புகுந்து புலம்பியும் நையாண்டி செய்தும் பேசுவது, பாடலுக்கென்று கதையை நிறுத்தும் சினிமா வழக்கத்தை நாடகக்காரர் ஒருவர் குறுக்கிட்டுக் கலைப்பதாகவே எனக்குப் படுகிறது. படத்தின் ஆகச் சிறந்த பகுதி அதுதான். முற்பாதியின் நடனங்களோ, சினிமா என்பதற்காகச் சேர்த்தவை போலத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. எம்.என். ராஜத்தின் காந்தா மட்டும் அந்தப் பகுதிகளைத் தாங்கிப் பிடிக்கிறார்.

இன்று பார்க்கும்போது பெரிதும் உறுத்துவது நோயைப் பற்றிய பார்வை. தொழுநோய் கிருமியால் வருவது என்பதை நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-இலேயே கண்டறிந்துவிட்டார். படம் வந்த காலத்தில் மருந்தும் இருந்தது. அப்படியிருக்க, ஒழுக்கக்கேட்டுக்குக் கிடைத்த தண்டனையாக அந்நோயைக் காட்டியிருப்பது, மூடநம்பிக்கையைச் சாடிய ஒரு கலைஞரின் படைப்புக்குள்ளேயே மூடநம்பிக்கை ஒன்று குடியிருப்பதைக் காட்டுகிறது. நோயாளிகளை ஊர் ஒதுக்கிவைத்திருந்த காலத்தில் இது சிறிய பிழையன்று.

எனினும், உயிரோடிருக்கும் கணவனே தன் மனைவியை நண்பன் பாலுவுக்கு மணம் செய்துவைக்க முன்வரும் முடிவை, தாலியின் புனிதத்தைப் போற்றிக்கொண்டிருந்த அன்றைய தமிழ்த் திரையில் மழுப்பாமல் வைத்ததற்காகவே இப்படத்தைப் பார்க்கலாம். குடும்ப ரசிகர்களை எண்ணித் திரைக்கதையாசிரியர்கள் முதலில் வெட்டக்கூடிய காட்சி அது. அதோடு படத்தை முடித்திருக்கலாம். எச்சரிக்கையாக மோகனசுந்தரத்தின் சிலையை வைப்பது வரை இழுத்திருப்பது, ராதா ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டதைப் பாடமாக ஒப்பிக்கும் வேலை.