ஹேவ்லாக்கில் இரண்டு இரவா, நீலில் இரண்டு இரவா?

அந்தமான் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "நீல் தீவில் எத்தனை நாள்?" என்றுதான். பெரும்பாலும் ஒரே பதில்: "அங்கே தங்கவில்லை, போகிற வழியில் அரை நாள்." ஏஜென்ட்கள் போட்டுத் தரும் திட்டம் அப்படி. ஹேவ்லாக்கில் இரண்டு இரவு, நீலில் ஒரு மதியச் சாப்பாடு. எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆனது, நீல் ஷஹீத் தீவு ஆனது. 2024இல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பேச்சில் பழைய பெயர்கள் இன்னும் புழங்குவதால் இங்கே அவற்றையே எழுதுகிறேன். போர்ட் பிளேரிலிருந்து இரண்டு தீவுகளுக்கும் தனியார் விரைவுக் கப்பலில் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு மணி நேரம். அதனால் பயணத் தூரத்தை வைத்து எதையும் தள்ள முடியாது.

மணல் என்று பார்த்தால் ஹேவ்லாக்தான். ராதாநகர் கடற்கரைக்கு நீலில் இணையே இல்லை. மாவு சலித்துக் கொட்டியது போன்ற வெள்ளை மணல், பின்னால் அண்ணாந்து பார்க்க வைக்கும் கடல் மஹுவா மரங்கள். 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது இதைத்தான். வண்டி நிற்கும் இடத்திலிருந்து மணல் வரை சமதளம், முழங்கால் வலி உள்ளவர்களும் நடந்துவிடலாம். குளிப்பதற்கு வலை கட்டிய பகுதி உண்டு, அதைத் தாண்டாதீர்கள். இந்தக் கடல்களில் உவர்நீர் முதலைகள் இருக்கின்றன, எச்சரிக்கைப் பலகைகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல.

ஆனால் ஹேவ்லாக்கில் தங்கும் விடுதிகள் நிறைய இருப்பது ராதாநகரில் அல்ல, எதிர்ப்பக்கமான கிழக்குக் கரையில். 'கடலைப் பார்த்த அறை' என்று காசு கூடக் கொடுத்துப் போட்டால், கடல் வற்றும் நேரத்தில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிவிடும். எதிரே பாறையும் செத்த பவளமும்தான் தெரியும். பார்க்க அழகுதான், குளிக்க முடியாது. ராதாநகர் போக ஒவ்வொரு முறையும் வண்டி பிடிக்க வேண்டும்.

நீலின் அருமை அந்த வற்றும் நேரத்தில்தான் தெரியும். லட்சுமண்பூரில் கடல் குடைந்து வைத்த இயற்கைப் பாறை வளைவு ஒன்று இருக்கிறது. இங்கே குடியேறிய வங்காளிகள் அதை ஹௌரா பாலம் என்பார்கள். தண்ணீர் இறங்கியதும் பாறைக் குழிகளில் சிறு சிறு குளங்கள் தேங்கி நிற்கும். ஒரு வழிகாட்டிப் பையன் என்னை ஒரு குளத்தருகே உட்கார வைத்து, "கையை ஆட்டாமல் பாருங்க" என்றான். கல் என்று நினைத்தது மெல்ல நகர்ந்தது, கடல் அட்டை. பக்கத்தில் ஒரு பெரிய சிப்பி, ஊதா உதட்டைத் திறந்து என் நிழல் பட்டதும் மூடிக்கொண்டது. அரை மணி நேரம் அங்கேயே இருந்தேன். கப்பல் நேரத்துக்கு ஓடுகிறவர்களுக்கு இது கிடைக்காது. அவர்கள் வரும்போது தண்ணீர் ஏறியிருந்தால் வளைவின் அருகே போகவே முடியாது. அங்கே பாறை வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு கட்டாயம். என்னோடு வந்த அம்மா, கீழே இறங்கும் படிக்கட்டோடு நின்றுவிட்டார். பெரியவர்களுக்கு நீலில் படகுத்துறையை ஒட்டிய பரத்பூர்தான் சரி.

மற்றபடி நீல் மிகச் சின்னது. காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். சூரியன் சீதாபூரில் உதித்து லட்சுமண்பூரில் மறையும், இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். டிசம்பரில் மாலை ஐந்துக்கே பொழுது சாய்ந்துவிடும், நம் ஊர்க் கணக்கில் ஆறு மணிக்குப் போய் நிற்காதீர்கள்.

கடலுக்குள் இறங்குவதுதான் நோக்கம் என்றால் பேச்சே வேண்டாம், ஹேவ்லாக். ஸ்கூபா பள்ளிகள் அங்கேதான் அதிகம். நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்றுநர் கையோடு பிடித்து 12 மீட்டருக்குள் கூட்டிப்போவார். முங்கியபின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது, அதனால் ஸ்கூபாவை முதல் நாட்களில் வையுங்கள். அங்கே எலிஃபன்ட் கடற்கரையின் ஸ்நார்க்கலிங், அதாவது மூச்சுக்குழாய் மாட்டி மேலே மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது, நன்றாகவே இருக்கும், ஆனால் கூட்டம் தாங்காது. இரவில் அலையாத்திக் காட்டோரம் துடுப்புப் படகில் போனால், துடுப்பு படும் இடமெல்லாம் தண்ணீர் நீலமாக மினுங்கும். நிலா இல்லாத இரவில்தான் அது தெரியும். அமாவாசையை ஒட்டிக் கடல் மற்ற நாட்களைவிட அதிகமாக வற்றும் என்பதால் நீலின் பாறைக் குளங்களுக்கும் அதே நாட்கள்தான் தோது. விமான டிக்கெட் போடும் முன் காலண்டரைப் பாருங்கள்.

ஐந்து இரவு இருந்தால் நான் இப்படிப் பிரிப்பேன்: ஹேவ்லாக்கில் இரண்டு, அப்புறம் நீலில் இரண்டு, கடைசி இரவு போர்ட் பிளேரில். நான்கு இரவுதான் என்றால் ஹேவ்லாக்கில் ஒன்றைக் குறைப்பேன், ஸ்கூபா பிரியர்கள் மட்டும் நீலில் குறைக்கட்டும். கடைசி இரவை மட்டும் யாரும் தொடாதீர்கள். காற்று எழும்பினால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், விமானம் உங்களுக்காக நிற்காது. செல்லுலார் சிறையை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம். ஏழு கிளைக் கட்டடங்களில் மூன்றுதான் இன்று நிற்கின்றன, அவற்றை நிதானமாகப் பார்க்கவே ஒரு பிற்பகல் வேண்டும்.