பேரனாரின் கொமாண்டோ குத்துவாள் என்று யாராவது கொண்டு வந்தால்

வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் பழைய பொருட்கள் சேர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் 85,000 ரூபாய் கொடுத்து ஒரு போலிக் குத்துவாளை வாங்கிவிட்டேன். விற்றவர் இன்னும் ஊர் ஊராகத் திரிகிறார் என்று அறிந்த பிறகு பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

நாணயம், முத்திரை, உலகப்போர்க் காலத்துச் சின்னப் பொருட்கள் என்று நான் பல வருடமாகச் சேர்க்கிறேன். அது தெரிந்துதான் அவர் என் வீட்டுக்கு வந்தார். பழைய பிஸ்கட் தகரத்தைத் திறந்து, துணியில் சுற்றியிருந்ததை எடுத்து வைத்தார். "அண்ணை, இது 1942இல வவுனியா விமானத்தளத்தில வேலை செய்த எங்கட பேரனாருக்கு வெள்ளைக்காரத் துரை குடுத்தது. 2008இல இடம்பெயரேக்க வளவுக்குள்ள தாட்டுப்போட்டுப் போனனாங்கள். திரும்பி வந்து கிண்டிப் பாத்தா அப்பிடியே கிடந்தது" என்றார்.

எங்கள் வீட்டில் அம்மா அப்பாவின் கலியாணப் படம்கூட மிஞ்சவில்லை. வன்னியில் அனேகமான வீடுகளின் நிலை அதுதான். அப்படியிருக்க, ஒரு குடும்பத்தின் பொருள் தப்பி வந்திருக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கேள்வி கேட்பது மரியாதையில்லாத வேலையாகப் பட்டது. உலகப்போர்க் காலத்தில் வவுனியாவில் பிரித்தானிய விமானப்படைத் தளம் இருந்ததும் உண்மை. காசை எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டும் கேட்கவில்லை.

உண்மையான கொமாண்டோ குத்துவாள், இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய அதிரடிப் படையினருக்காக, ஷங்காய் நகரப் பொலிசில் இருந்த பெயர்பேர்ன், சைக்ஸ் என்ற இருவர் வடிவமைத்தது. லண்டன் வில்கின்சன் நிறுவனம் 1941இன் தொடக்கத்தில் செய்யத் தொடங்கியது. முதல் வகையில் பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள குறுக்குத்தகடு எஸ் எழுத்துப் போல வளைந்திருக்கும். 1942இல் வந்த இரண்டாம் வகையில் அது நேராகிவிட்டது. இரண்டிலும் பிடி பித்தளை, அரம் போலச் சொரசொரப்பாக வெட்டியிருக்கும். வளையம் வளையமான வார்ப்புப் பிடி மூன்றாம் வகைக்கு உரியது, அது வந்ததே 1943இல். எனக்கு விற்றது வளையப் பிடி. 1942இல் எந்தத் துரையும் அதை யாருக்கும் கொடுத்திருக்க முடியாது. இந்த ஒன்றை அன்று யோசித்திருந்தாலே காசு தப்பியிருக்கும்.

அடுத்தது உறை. தோல் உறையில், பிடியைச் சுற்றிப் பிடிக்க ஒரு இழுவை நாடா இருக்கும். எண்பது வருடப் பழைய றப்பர் விறைத்து, இழுவை செத்துப் போய்த்தான் இருக்கவேண்டும். என்னுடையது புதுக் காற்சட்டை நாடா போல இழுபட்டுத் திரும்பியது. தோலில் சப்பாத்துப் பொலிஷ் மணந்தது. அதைவிட, வன்னி மண்ணில் தாட்ட தோலைக் கறையான் விட்டுவைக்குமா? ஒரு மாரி போதுமே! இதை எனக்குச் சொன்னது வேறு யாருமல்ல, என் மனைவி. பிறகு கடையில் நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின் கீழே பிடித்தேன். தையல் நூல் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தது. வெண்மையூட்டும் இரசாயனம் சேர்ந்த இந்தக் காலத்து நூல்தான் அப்படி ஒளிரும்.

அலகை எனக்குத் தெரிந்த கொல்லர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கையில் வாங்கியதும் துருவைத்தான் விரலால் தேய்த்தார். செம்மஞ்சள் தூள் ஒட்டியது. பழைய துரு கறுத்து இரும்போடு இறுகியிருக்கும், இது உப்புத் தண்ணீரோ அசிட்டோ போட்டு வரவைத்தது என்றார். அலகில் வில்கின்சன் பெயர் கூர்மையாகத் தெரிந்தது. பழைய முத்திரை அமிலத்தால் மெல்லியதாக அரித்தது, அலகு தேயத் தேய அதுவும் சேர்ந்து மங்கும். இங்கே அலகு மட்டும் தேய்ந்திருந்தது, எழுத்து நேற்றுப் பொறித்தது போல இருந்தது.

இப்படியான பிரதிகளை நினைவுப் பொருளாகச் செய்து விற்பதில் பிழை இல்லை. ஷெபீல்டில் இன்றும் செய்கிறார்கள். பிரதியைப் பிரதி என்று சொல்லி விற்கவேண்டும், அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்லவேண்டும்: உண்மையான ஒன்று கையில் வந்தால் அரத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். அலகின் நடுக்கோடு மழுங்கி, முத்திரையும் போய்விடும், பிறகு சேர்ப்பவர்கள் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். மெல்லிய எண்ணெய் போதும். உறைக்குள் போட்டும் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து அலகைத் தின்னும்.

விற்றவருக்கு எடுத்தேன். "பேரனார் சொன்னதைத்தான் அண்ணை நானும் சொன்னனான்" என்றார். அதற்குப் பிறகு இலக்கமே வேலை செய்யவில்லை.

போன கிழமை கிளிநொச்சியில் ஒரு ஆசிரியரைச் சந்தித்தேன். அவருக்கும் அதே ஆள், அதே தகரம், அங்கே பேரனார் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவராம். இரண்டு குத்துவாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். குறுக்குத்தகட்டிலிருந்து எண்ணி நாலாவது வளையத்தில் நெல்மணியளவு ஒரு நெளிவு, இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில். எங்கேயோ இருக்கும் ஒரு பிடியில் அச்செடுத்து வார்த்திருக்கிறார்கள், அதன் காயமும் சேர்ந்து வந்திருக்கிறது. உங்களிடம் இப்படி ஒன்று வந்தால் முதலில் அந்த நாலாவது வளையத்தைத் தடவிப் பாருங்கள்.