குருபீடத்தின் வாரிசுப் பூசல்களைத் தேடி ஒரு நாள் பயணம்: மதிப்புரை

அமிர்தசரஸிலிருந்து காலையில் புறப்பட்டு, பாஸர்கே, கடூர் சாஹிப், கோயிந்த்வால், பாபா பகாலா ஆகிய நான்கு ஊர்களைக் காட்டிவிட்டு இரவில் திரும்பும், வழிகாட்டியுடன் கூடிய பயணம் ஒன்றில் அண்மையில் சென்று வந்தேன். சீக்கிய குருபீடம் அடுத்து யாருக்கு என்ற கேள்வி ஒவ்வொரு குருவின் வீட்டிலும் எழுப்பிய பூசலை, அது நிகழ்ந்த இடத்திலேயே நின்று கேட்க வைப்பதுதான் இதன் நோக்கம். அந்த நோக்கத்திற்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன். குறைகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதல் குருவான நானக் வாழ்ந்து மறைந்த கர்தார்பூர் இன்று பாகிஸ்தானில் இருப்பதால், தொடக்கக் கதை வண்டியிலேயே சொல்லப்பட்டது. ஸ்ரீ சந்த், லக்மி தாஸ் என்ற தம் இரு மகன்களையும் விட்டு, சீடரான லெஹ்ணாவை அங்கத் என்று பெயரிட்டு 1539-இல் நானக் குருவாக்கினார். மகன்கள் தந்தையின் சொல்லைக் காக்கவில்லை என்று பாணர்களான சத்தாவும் பல்வந்தும் பாடிய வரி சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாஹிபிலேயே இருக்கிறது என்பதை வழிகாட்டி எடுத்துச் சொன்னது மிகப் பொருத்தம்.

பாஸர்கேயில் கழிந்த ஒரு மணி நேரம்தான் இந்தப் பயணத்தின் உச்சம். அங்கத்துக்குப் பின் மூன்றாம் குருவான அமர் தாஸ் பிறந்த ஊர் இது. அவருடைய சகோதரர் வீட்டுக்கு மருமகளாக வந்த பீபீ அம்ரோ, குரு அங்கத்தின் மகள். அவர் பாடிய பாடலைக் கேட்டுத்தான் அமர் தாஸ் அங்கத்தைத் தேடிப் போனார் என்பது மரபு. 1552-இல் அமர் தாஸ் குருவானபோது, அங்கத்தின் மகன் தாது, அமர் தாஸ் வாழ்ந்த கோயிந்த்வாலுக்கு வந்து அவரைக் காலால் உதைத்ததாகவும், முதியவரான அமர் தாஸ் ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசாமல் பாஸர்கே வந்து அறைக்குள் தம்மை அடைத்துக்கொண்டதாகவும், கதவைத் திறக்கக் கூடாது என்ற ஆணையை மீறாமல் மூத்த சீடரான பாபா புத்தா சுவரில் கன்னமிட்டு உள்ளே நுழைந்ததாகவும் சொல்கிறார்கள். அங்குள்ள குருத்வாராவின் பெயரான ‘சன் சாஹிப்’ அந்தக் கன்னத்தைத்தான் குறிக்கிறது. அந்தச் சுவரருகே நின்று இதைக் கேட்டபோது நெஞ்சு கனத்துப் போனது.

குரு அங்கத் வாழ்ந்த கடூரில் அதிக நேரம் நிற்கவில்லை. கோயிந்த்வாலில் 84 படிகள் கொண்ட கிணற்றில் இறங்கினோம். அமர் தாஸின் மகள் பீபீ பானியை மணந்த ஜேட்டாதான் 1574-இல் குரு ராம் தாஸ் ஆனவர். அவருக்குப் பின் குருபீடம் அவருடைய சோடி குலத்தைவிட்டு வெளியே போகவில்லை. அதற்கு முன் சீடனுக்கும் மகனுக்கும் இடையே இருந்த பூசல், அதற்குப் பின் அண்ணன் தம்பிப் பூசலாக மாறியது என்பதே என் கருத்து. 1581-இல் மூன்றாம் மகன் அர்ஜன் குருவானதை மூத்தவர் பிருத்தி சந்த் கடைசிவரை ஏற்கவில்லை. வழிகாட்டி அவரைப் பேராசைக்காரர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது எனக்கு ஏமாற்றம் அளித்தது. அர்ஜனின் மகன் குரு ஹர்கோவிந்த் அமிர்தசரஸை விட்டு விலகிய பிறகு, பொற்கோயிலான ஹர்மந்திர் சாஹிப் பல பத்தாண்டுகள் பிருத்தி சந்தின் வழியினர் கையில் இருந்தது. அவ்வளவு வலுவாக வேரூன்றிய கிளையை ஒரு வசையால் விளக்க முடியாது.

பாபா பகாலாவை அடைந்தபோது இருட்டிவிட்டது. 1664-இல் தில்லியில் சிறுவயதிலேயே இறந்த குரு ஹர் கிருஷன், ‘பகாலாவில் இருக்கும் பாபா’ என்று மட்டும் சொல்லிச் சென்றதால், 22 பேர் தாமே குரு என்று அங்கே கடைவிரித்தார்கள் என்பது மரபு. வணிகர் மக்கன் ஷா லபானா கண்டுபிடித்த தேக் பகதூர், ஹர் கிருஷனுக்குச் சின்னத் தாத்தா முறை. இந்த உறவு தெரியாமல் தாத்தாவையும் குறிக்கும் ‘பாபா’ என்ற சொல்லின் பொருளே இங்கு விளங்காது. ஆனால் நிறுவனம் எங்களிடம் கொடுத்த அச்சுத்தாளில் பத்துக் குருமார்களின் பெயர்கள் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் இருக்கின்றன. அம்ரோ இல்லை, பானி இல்லை, புனித நூலின் மூலப் பிரதியான ஆதி கிரந்தத்தையே தம்மிடம் வைத்துக்கொண்ட, ஹர்கோவிந்தின் பேரன் தீர் மல்லும், ஔரங்கசீப்பின் அவையில் குரு நானக் பாடலின் சொல்லை மாற்றியதால் பீடத்தை இழந்த, ஹர் கிருஷனின் அண்ணன் ராம் ராயும் இல்லை. கிளைகளோடு வம்சவிருட்சம் ஒன்றை வரைந்து கொடுத்து, கடைசி ஊருக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேரும்படி புறப்படும் நேரத்தை மாற்றினால், நான் மறுபடியும் இதே பயணத்தில் சேர்வேன்.