ஸ்பைடர்மேன் இசை நாடகம்: கயிறு சிக்கியது பரவாயில்லை, கதை?

நியூயார்க்கின் நாடக அரங்குகளான பிராட்வேயில் முன்னோட்டக் காட்சி என்பது காசு கொடுத்துப் பார்க்கும் ஒத்திகை. அதற்கு உச்ச உதாரணம் ‘ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் த டார்க்’. இயக்கம் ஜூலி டெய்மோர், இசை ‘யு2’ ராக் குழுவின் போனோவும் எட்ஜும்.

2010 நவம்பர் 28 அன்று நடந்த முதல் முன்னோட்டக் காட்சி ஐந்து முறை நின்றது. முதல் பாதியின் முடிவில் நாயகன் பார்வையாளர்களின் தலைக்கு மேலே அந்தரத்தில் மாட்டிக்கொள்ள, கீழிருந்த ஊழியர்கள் காலை எட்டிப் பிடிக்கத் தவித்தார்கள். பறக்கவைக்கும் கம்பிகளை இழுப்பது கணினி இயக்கும் விஞ்சுகள், அதாவது கம்பியைச் சுற்றி இழுக்கும் உருளைகள். ஒன்று இடம் தவறினாலும் பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் நிறுத்தியாக வேண்டும். இரண்டாம் பாதியில் ஒரு பெண்மணி, தன்னைச் சோதனை எலியாக்கிவிட்டதாகக் கத்தினார். மற்றவர்கள் அவரைத்தான் கூச்சலிட்டு அடக்கினார்கள்!

கூட்டம் மன்னிக்காதது கதையை. வில்லன் கோப்ளின் முதல் பாதியிலேயே செத்துவிட்டால் பிறகு யாரோடு சண்டை? அந்த இடத்தை அராக்னி என்ற சிலந்திப் பெண்ணும், அவள் கூட்டம் காலணிகளுக்காகப் பாடும் பாட்டும் நிரப்பப் பார்த்தன. எடுபடவில்லை.

2011 ஏப்ரலில் மூன்று வாரத்துக்கு மேல் அரங்கை மூடி, டெய்மோர் இல்லாமல் திருத்தினார்கள். அராக்னி சுருங்கினாள், வான்சண்டை கடைசிக்குப் போனது. 182 முன்னோட்டங்களுக்குப் பிறகு ஜூன் 14 அன்று முறையான தொடக்கம். திருத்திய வடிவம் தெளிவு, ஆனால் சாதாரணம். பழையதில் இருந்த பைத்தியக்காரத்தனமான அழகு கொஞ்சம் போய்விட்டது.

பறக்கும் காட்சிகளுக்கு மாடியின் முன்வரிசைதான் சரியாக இருந்தது. கீழ்த்தளத்தில் கழுத்து வலித்தது.