சுங்கை சிப்புட் கருவாட்டுக் கடை: வயிற்றைப் பார்த்து வாங்குங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், சந்தைக்குப் பின்வரிசையில் இருக்கும் இந்தக் கடையில் நெத்திலியை நம்பி வாங்கலாம். தட்டுகளில் கொட்டி வைத்திருக்கிறார்கள். கையில் எடுத்துப் பார்க்க விடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது வயிற்றைத்தான்.

வயிறு முட்டத் தின்ற நேரத்தில் பிடிபட்ட மீன், செத்த பிறகும் அதன் செரிமான நொதிகள் ஓய்வதில்லை. வயிற்றுச் சுவரையே அரித்துக் கிழித்துவிடும். பேராக் கரையோரப் பங்கோர் தீவுப் பக்கம் நெத்திலியைப் படகிலேயே உப்புநீரில் வேகவைப்பது அந்த அரிப்பை நிறுத்திவிடுகிறது. இங்கே வயிறு வெடித்த மீன் அபூர்வம். "டீச்சர், சம்பலுக்கு இதை எடுங்கள்" என்று கடைக்காரத் தம்பி காட்டியது வறுத்தபோது துளியும் கசக்கவில்லை.

மொரோக்கோ மத்தி டின்னும் வைத்திருக்கிறார்கள். எண்ணெயில் போட்டது, சதை கெட்டி, அருமையான ருசி. அந்தக் கரையில் வடகிழக்குக் காற்று மேல்நீரைக் கடலுக்குள் தள்ள, அடியிலிருந்து சத்து மிகுந்த குளிர்நீர் மேலெழுகிறது. வெளிச்சம் பட்டதும் டயாட்டம் என்னும் நுண்பாசி பெருகும். அதைத் தின்னும் கோப்பிபாடு என்ற பொடி உயிர்களும் பெருகும். மத்தியின் செவுள் முட்கள் சீப்புப் பல்லாக நெருங்கியிருப்பதால், நீந்தியபடியே இவற்றை வடிகட்டித் தின்கிறது.

இத்தகைய கடல்களில் வாழும் நெத்திலி இனங்களுக்கு அந்த முட்கள் சற்று அகன்றவை. பெரிய இரையைத் தனித்தனியாகக் கொத்துவதே அவற்றுக்கு லாபம். பெரு நாட்டு நெத்திலி பாசி தின்றே வாழ்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். வயிற்றில் எண்ணிக்கையில் டயாட்டமே மிகுதி. 2008இல் வெளியான ஆய்வு எண்ணிக்கையை விட்டு, ஒவ்வொரு இரையிலும் உள்ள கரிமத்தை, அதாவது அது எவ்வளவு உணவாகிறது என்பதைக் கணக்கிட்டது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கூனி போன்ற கிரில்லிலிருந்தும், கால் பங்குக்குச் சற்று மேல் கோப்பிபாடிலிருந்தும் வந்திருந்தது! தோட்டப் பள்ளியில் அறிவியல் நடத்திய காலத்தில் இது கைக்குக் கிடைத்திருந்தால் ஒரு பாடவேளை முழுக்கப் பேசியிருப்பேன்.

ஐஸ் பெட்டியில் கிடக்கும் பச்சை மத்தியை மட்டும் பரிந்துரைக்க மாட்டேன். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் வயிறு பிளந்து குடல் தெரிந்தது. தம்பியிடம் நேரிலேயே சொன்னேன். வேறு ஆளிடம் எடுக்கப் பார்க்கிறேன் என்றார்.

திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு காலையில் பெரிய நெத்திலி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.